ஆயா தொடக் கூடாது

லேமினேஷன் வேற பண்ணியிருந்தாங்க! அதைத்தான் ஜோதிலட்சுமியால ஜீரணிக்கவே முடியல. சும்மா ஒரு வெள்ளைத்தாள்ல எழுதி ஒட்டியிருந்தா, ஓரம் சுருண்டு, ஃபேன் காத்துல படபடன்னு அடிச்சு, என்னைக்காவது தானா விழுந்து தொலைஞ்சிருக்கும். இவங்க அதை டைப் அடிச்சு, பெரிய எழுத்துல பிரிண்ட் எடுத்து, முக்குக் கடைக்கு அனுப்பி பிளாஸ்டிக் உறை போட்டு வாங்கி, ஆபீஸ் கம்ப்யூட்டர் நெத்தியில ஒட்டி வெச்சிருந்தாங்க. 'ஆயா தொடக் கூடாது.' காலத்துக்கும் நிக்கணும்னு உக்காந்து யோசிச்சுச் செஞ்ச வேலை.

அந்தப் பள்ளிக்கூடம் கோபாலபுரத்துல, ரெண்டு பழைய பங்களாவுக்கு நடுவுல ஒடுங்கி நிக்கிற சின்னக் கட்டடம். எல்கேஜில இருந்து பத்தாவது வரைக்கும். டீச்சருங்க நெறைய பேர். கிளார்க் ஒருத்தர், வாச்மேன் ஒருத்தர், ஆயா ஒரே ஒருத்தி. அப்போ அந்த அட்டை யாருக்குன்னு யாரும் மண்டையை உடைச்சுக்க வேண்டாம்.

"பேரைப் போட்டு எழுதியிருந்தாகூட ஒரு மருவாதி அண்ணாத்த"ன்னு வாச்மேன் லாரன்ஸ்கிட்ட சொன்னா ஜோதிலட்சுமி. "எனுக்கு பேரு கூட கெடியாதா?"

லாரன்ஸ் சாந்தோம் பக்கத்து ஆளு. சண்டைன்னாலே பத்தடி தள்ளி நிக்கிற மனுஷன். "உடு தாயி. கொஞ்ச நாள்ல மறந்துருவாங்க"ன்னார். மறக்கிறவங்க லேமினேஷன் பண்ணுவாங்களா? நீங்களே சொல்லுங்க.

சரி, அப்படி என்ன குத்தம் செஞ்சுட்டா? மெயின் சுவிட்சை இறக்கினா. அவ்ளோதான்.

அவ ஏன் இறக்கினான்னு தெரியணும்னா அவ எங்க இருந்து வந்தவன்னு தெரியணும். பொறந்தது வளர்ந்தது எல்லாம் கோட்டூர்புரம் பக்கம் அடையாத்துக் கரையில. கூரைவீடு, அப்புறம் ஷீட்டு வீடு. கல்யாணமும் அங்கேயே, பொண்ணு நிஷா பொறந்ததும் அங்கேயே. ரெண்டாயிரத்துப் பதினஞ்சு வெள்ளத்துல ஆறு எழுந்து வீட்டுக்குள்ள நடந்து வந்துது. எதிர் வீட்டு சொர்ணம் நல்ல சிரிப்புக்காரி. எல்லாரும் ஓடுறப்போ, டிவியை மட்டும் தூக்கிப் பரண்ல வெச்சுட்டு வந்துடுறேன்னு முழங்கால் தண்ணியில இறங்கினா. கரண்ட் லைன் உயிரோட இருந்துது. ஜோதிலட்சுமி வாசல்ல நின்னு பார்த்தா. கத்தினா. கத்தறதைத் தவிர ஒண்ணும் செய்ய முடியல.

அப்புறம் கரையில இருந்த எல்லாரையும் லாரியில ஏத்தி, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துல மாடி மாடியா அடுக்கின வீட்டுல கொண்டுபோய் விட்டாங்க. தண்ணி வராத மாடிதான், ஆனா குடிக்கிற தண்ணியும் சரியா வராத மாடி. ஆறு போச்சு, சொர்ணம் போனா, பயம் மட்டும் கூடவே லாரியில ஏறி வந்துடுச்சு. அன்னையில இருந்து அவளுக்கு ஒரே சட்டம். வாசப்படியில தண்ணி ஏறிச்சுன்னா மொதல்ல மெயின். அப்புறம்தான் அரிசி, ரேஷன் கார்டு, மத்ததெல்லாம். மூளை யோசிக்கிறதுக்குள்ள கை போயிடும்.

போன வருஷம் ஐப்பசியில ஒரு நாள் அடிச்சு ஊத்திச்சு. மதியமே ஸ்கூலை விட்டுட்டாங்க. கிளார்க் பஞ்சாட்சரம், முட்டிவலிக்கார மனுஷர், பஸ் நின்னுடப் போகுதுன்னு கம்ப்யூட்டரை அணைக்கிற பட்டனை அமுக்கிட்டுக் குடையோட கிளம்பிட்டார். அது அணையல. அப்டேட் ஆக ஆரம்பிச்சுது. நீலத் திரையில ஒரு வட்டம் சுத்துது, கீழ இங்கிலீஷ்ல ஏதோ எழுதியிருக்கு. ஜோதிலட்சுமி பெருக்கிக்கிட்டே அதைப் பார்த்தா. இங்கிலீஷ் எழுத்து தெரியும், சேர்த்துப் படிக்க வராது. அதுக்குள்ள தெருவுல நின்ன தண்ணி மொதப் படி ஏறி, ரெண்டாம் படி ஏறி, வாசல்ல வந்து நக்கிச்சு. அவளுக்கு சொர்ணம் முகம்தான் தெரிஞ்சுது. ஓடிப்போய் மெயினை இறக்கிட்டா. யுபிஎஸ்ஸுல பேட்டரி எப்பவோ செத்துப்போனது, மாத்துங்கன்னு யாரும் சொல்லல. திரை இருண்டுடுச்சு.

மறுநாள் கம்ப்யூட்டர் எழுந்திரிக்கல. மெக்கானிக் ஒருத்தர் வந்து பார்த்துட்டு, "அப்டேட் நடுவுல கரண்ட் போயிருக்கு சார்"னு சொன்னார். கொண்டுபோனார், சரிபண்ணிக் கொண்டுவந்தார். கம்ப்யூட்டர் எழுந்துடுச்சு, ஆனா உள்ள ஒண்ணும் இல்ல. ஸ்கூல் முழுக்க காலாண்டு மார்க்கு, டிசி, பசங்க விவரம், எல்லாம் வழிச்சுத் துடைச்ச மாதிரி. டீச்சருங்க பசங்ககிட்ட குடுத்த பேப்பரை எல்லாம் திரும்ப வாங்கி, உக்காந்து கூட்டி, மறுபடி எழுதினாங்க. போறப்போ வர்றப்போ ஜோதிலட்சுமியைப் பார்த்த பார்வை இருக்கே, அப்பப்பா!

கரஸ்பாண்டன்ட் சுப்புராயன் கூப்பிட்டு விசாரிச்சார். ஸ்கூலை நடத்துறவர் அவர்தான். கஞ்சி போட்ட சட்டை, மெதுவான பேச்சு, கோபம் வந்தா இன்னும் மெதுவான பேச்சு. "யாரும்மா உன்னை மெயினைத் தொடச் சொன்னது?"

"தண்ணி ஏறிச்சு சார்."

"தண்ணி ஏறினா ஏறிட்டுப் போகட்டும். இனிமே ஆபீஸ்ல எந்த மெஷினையும் தொடாதே." அப்படிச் சொன்னதோட விட்டிருந்தாலும் பரவாயில்ல. பஞ்சாட்சரத்தைப் பார்த்து, "எழுதி ஒட்டுய்யா"ன்னுட்டார்.

இதுல பெரிய கொடுமை என்னன்னா நிஷாவும் அதே ஸ்கூல்ல எட்டாவது படிச்சா. ஆயா பொண்ணுங்கிறதால சேர்த்துக்கிட்டாங்க. ஒரு நாள் டீச்சர் அனுப்பி ஏதோ பேப்பர் குடுக்க ஆபீஸுக்கு வந்தவ, அட்டையைப் படிச்சுட்டு அப்படியே நின்னா. கூட வந்த பொண்ணு சும்மா சிரிச்சுக்கிட்டே, "ஏய், உங்கம்மா தொட்டா ஷாக் அடிக்குமா?"ன்னு கேட்டுச்சு. விளையாட்டுக்குத்தான் கேட்டுச்சு. அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் நிஷா கேட்டா.

"ஏம்மா, அந்த அட்டைய நீ கிழிச்சுப் போட மாட்டியா?"

"கிழிச்சா வேற ஒட்டுவாங்க."

"அப்போ அப்டியே இருக்கட்டுமா?"

ஜோதிலட்சுமியோட அம்மா காலத்துல வீட்டு வேலைக்குப் போன இடத்துல, குடத்தைத் தொடாதே, அடுப்பைத் தொடாதேன்னு வாயால சொல்லுவாங்க. எழுதிக் காட்டினதில்ல. இப்போ பிரிண்ட் எடுத்துச் சொல்றாங்க, பொண்ணு அதைப் படிக்கிறா. படிக்க வெச்சது இதைப் படிக்கவா?

"இருக்காது"ன்னா. "அந்த அட்டை அங்க இருக்காது. பாத்துக்கினே இரு."

ஆனா ஒண்ணு. சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி, தான் செஞ்சது என்னன்னு தெரிஞ்சுக்கணும்னு அவளுக்கு ஒரு பிடிவாதம். சுவிட்சை இறக்கினா மார்க்கு எப்படிக் காணாமப் போகும்? சுவிட்சை இறக்கினா பீரோவுல இருக்கிற புடவை காணாமப் போகுமா? யாரைக் கேட்டாலும் "உனக்கெதுக்கு அதெல்லாம்"னுதான் பதில். எதுக்குன்னு கேக்கிறவங்க வாயை அடைக்கிறதுக்காகவே சனிக்கிழமை மதியம் பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லாத பிங்க் பஸ் ஏறி தி.நகருக்குப் போனா.

பாண்டி பஜாருக்குப் பின்னால ஒரு பிளவுஸ் தைக்கிற கடை. அதுக்கு மேல மாடியில கம்ப்யூட்டர் வகுப்பு. நடத்துறது கமர் ஜஹான்னு ஒரு பொண்ணு, ஜோதிலட்சுமியைவிட ரொம்பச் சின்னவ, வாயில எப்பவும் இருமல் மிட்டாய். கூடப் படிக்கிறதெல்லாம் காலேஜ் புள்ளைங்க. புடவையைச் சொருகிக்கிட்டு இவ உள்ள வந்ததும், கூட்ட வந்திருக்காங்கன்னு நெனச்சு ஒரு பையன் காலைத் தூக்கிக்கிட்டான்.

"கால இறக்குப்பா. நானும் படிக்கத்தான் வந்துகீறேன்"ன்னு பக்கத்து நாற்காலியில உக்காந்தா.

மவுஸைப் பிடிச்ச கை அமுக்காமலே நின்னுது. பயத்தால இல்ல. வருஷக்கணக்கா அதைத் துணியால துடைச்சு, எடுத்த இடத்துல வெச்சே பழகின கை. அதை அமுக்கலாம்னு கைக்கே நம்பிக்கை வரல. "உடைஞ்சிராதுக்கா, நல்லா அமுக்குங்க"ன்னா கமர் ஜஹான். அமுக்கினா. ஒரு ஜன்னல் தொறந்துது. இன்னொரு தடவை அமுக்கினா, மூடிக்கிச்சு. அட, இவ்ளோதானா! இதுக்கா அட்டை போட்டு வெச்சிருக்காங்க!

ஆப்பரேட்டிங் சிஸ்டம்னா என்னன்னு கமர் ஜஹான் சொன்னதைப் புள்ளைங்க நோட்டுல எழுதிக்கிட்டாங்க. ஜோதிலட்சுமி கண்ணை மூடி யோசிச்சா. பெரும்பாக்கத்துல தண்ணி லாரி வந்தா, குடத்தை எல்லாம் வரிசையில வெச்சு, யாருக்கு மொதல்ல, யாருக்கு எவ்ளோன்னு நிக்கிற ஒருத்தி இருப்பா. அவ சொந்தமா ஒரு குடமும் பிடிக்க மாட்டா. ஆனா அவ இல்லேன்னா அங்க ஒரு குடமும் ரொம்பாது, வெட்டு குத்துதான். "அந்தப் பொம்பளதான இது?"ன்னு கேட்டா. கமர் ஜஹான் மிட்டாயை ஒதுக்கிக்கிட்டு, "அவங்களேதான்க்கா. எழுதறது வேர்டு, கணக்கு போடறது எக்செல், அவங்கெல்லாம் குடத்தோட நிக்கிறவங்க"ன்னு சிரிச்சா.

சேவ் பண்றது வந்தப்போ இன்னும் சுலபமாப் புரிஞ்சுது. அடிக்கிறதெல்லாம் மொதல்ல மடியில கிடக்கு. எழுந்தா கொட்டிடும். பானையில போட்டு மூடினாத்தான் நாளைக்கு இருக்கும். அப்பத்தான் அவ அந்தக் கேள்வியைக் கேட்டா. இத்தனை நாளா நெஞ்சுல முள்ளாக் கிடந்த கேள்வி.

"அப்டேட் ஆவறப்ப மெயின ஆஃப் பண்ணா, பானையில கீறதும் பூடுமா?"

"பானைக்கு ஒண்ணும் ஆவாதுக்கா, பெரும்பாலும். உங்க தண்ணி லாரி அம்மாதான் மயங்கி விழுந்துருவாங்க. மெஷின் எழுந்திரிக்காது. ஃபைல் எல்லாம் உள்ள அப்படியேதான் இருக்கும், எடுத்துடலாம்."

"எங்க ஸ்கூல்ல ஒண்ணுமே இல்லாம பூட்சே!"

"அப்போ சரிபண்ண வந்தவர் ஃபார்மேட் அடிச்சிருப்பார். மொத்தமா கழுவி ஊத்திட்டு புதுசாப் போடறது. அதுக்கு முன்னாடி, அழிச்சிடலாமான்னு கேட்டிருப்பாரே?"

ஜோதிலட்சுமி மவுஸைத் தள்ளி வெச்சா. அப்புறம், "எவனையோ கேட்டுக்கீறாங்க. எவனோ சரின்னு சொல்லிக்கீறான். அட்டை மட்டும் எனுக்கு"ன்னா.

எவனோ இல்ல, பஞ்சாட்சரம்தான். திங்கக்கிழமை காலையில அவரையே நேராக் கேட்டா. பொய் சொல்லத் தெரியாத மனுஷர். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார், மாட்டினார், மறுபடி கழட்டினார். "போன்ல கேட்டான்மா. எல்லாம் போயிடும், பரவாயில்லையான்னான். கரஸ்பாண்டன்ட் பக்கத்துல நின்னு சீக்கிரம் சீக்கிரம்னு பறந்துக்கிட்டு இருந்தார். நானும் சரின்னுட்டேன். புரிஞ்சு சொல்லல." குரலைத் தாழ்த்தினார். "என்னை மாட்டி விட்டுடாதே ஜோதி. ரிட்டயர் ஆகப்போற நேரம்."

"உங்கள மாட்டிவுட்டு எனுக்கு இன்னா சார் ஆவப்போவுது? மெயின எறக்குனது நான்தான், இல்லேன்னு சொல்லல. அந்த அட்டைய எடுங்க, போதும்."

"அவர் சொல்லாம எப்படிம்மா எடுக்கிறது?"

"அப்போ சரி. எழுதிக்கீற மாதிரியே நடந்துக்கிறேன்."

அவர் அதுக்கு அர்த்தம் என்னன்னு யோசிக்கல. யோசிச்சிருக்கணும்.

மறுநாள் காலையில பஞ்சாட்சரம் வந்தப்போ கம்ப்யூட்டர் இருட்டா இருந்துது. வழக்கமா அவர் வர்றதுக்குள்ள ஜோதிலட்சுமி மேசைக்கு அடியில குனிஞ்சு பிளக்கைச் சொருகி சுவிட்சைப் போட்டு வெச்சிருப்பா. சுவர்ல அடி மட்டத்துல இருக்கிற பிளக் அது. முட்டி மடங்காத மனுஷருக்கு அது பாதாளம். அட்டை ஒட்டினதுக்கு அப்புறமும் அதை மட்டும் அவதான் செஞ்சுக்கிட்டு இருந்தா. யாருக்கும் அது மெஷினைத் தொடறதாத் தெரியல, பாருங்க! வேலைன்னா கண்ணுக்குத் தெரியாது, குத்தம்னா மட்டும் பளிச்சுன்னு தெரியும்.

"ஜோதி, இந்தச் சுவிட்சு..."

வாசல்ல நின்னபடியே கையைக் கட்டிக்கிட்டுச் சொன்னா. "தொடக் கூடாது சார்."

அன்னைக்கு அவர் நாலு கால்ல தவழ்ந்து போய்ச் சுவிட்சைப் போட்டார். எழுந்திரிக்க லாரன்ஸ் வந்து கை குடுக்க வேண்டியிருந்துது.

மேசையைத் துடைக்கல. கீபோர்டைத் தட்டல. ஒயர் கிடக்கிற தரையைப் பெருக்கல. ஆபீஸ் ரூம் முழுக்க ஒயர்தானே, அதனால ஆபீஸ் ரூமையே பெருக்கல. வராண்டாவை மொசைக் பளபளக்கப் பெருக்கிக்கிட்டு வருவா, ஆபீஸ் வாசல்ல தொடப்பம் டக்குன்னு திரும்பிடும். டீ வாங்கி வந்தா மேசைக்குப் போகாது, லாரன்ஸ் பெஞ்சியிலேயே நின்னுடும். எல்லாமே மரியாதையாத்தான். குரலை உயர்த்தல, முகத்தைத் தூக்கல. கேட்டா அட்டையைக் காட்டுவா.

பஞ்சாட்சரம் பிஸ்கட் சாப்பிடுற ஆளு. எறும்பு சாரை சாரையா வந்து கீபோர்டுக்குள்ள குடும்பம் நடத்த ஆரம்பிச்சுது. ஜன்னல் மேல உக்கார்ற புறா இறகா உதிர்த்துச்சு. மானிட்டர்ல தூசி படிஞ்சு, எவனோ ஒரு பொடிசு விரலால அதுல பூனை வரைஞ்சுட்டுப் போயிடுச்சு. டீச்சருங்க மூக்கை மூடிக்கிட்டு வந்து கையெழுத்து போட்டாங்க. ஒருத்தராவது, நாம ஒரு துணி எடுத்துத் துடைச்சா என்னன்னு நெனைக்கணுமே! அது ஆயா வேலையாச்சே! ஆயாவோ தொடக் கூடாது. அப்படியே மாட்டிக்கிட்டு நின்னுது மொத்த ஸ்கூலும்.

"கலீஜாகீது தாயி, போதும். வேலைய உட்டு தூக்கிடப் போறாங்க"ன்னு லாரன்ஸ் பயந்தார்.

பயம் அவளுக்கும் இல்லாம இல்ல. ராத்திரியில கணக்குப் போட்டுப் பார்ப்பா. வேலை போச்சுன்னா நிஷாவோட படிப்பும் அதோட போச்சு. வீட்டுக்காரர் பெயிண்ட் அடிக்கிறவர், மழைக்காலத்துல வேலை இருக்காது. ஆனா காலையில எழுந்து பொண்ணு தலையைப் பின்னிவிடறப்போ, அவ "இன்னும் இருக்காம்மா?"ன்னு கேப்பா. இவ "இன்னும் கொஞ்ச நாள்"னுவா. அப்புறம் எங்க போய்ப் பயப்படறது?

கல்வி ஆபீஸ்ல இருந்து பார்வையிட வர்றாங்கன்னு தகவல் வந்ததும் சுப்புராயன் ஆபீஸ் ரூமுக்குள்ள வந்தார். நாற்காலியில உக்காரப் போனவர், உக்காராமலே நின்னார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. பூனைப் படத்தைப் பார்த்தார். தன் ரூமுக்குத் திரும்பிப் போய் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"என்னம்மா இது, ஸ்ட்ரைக்கா?" குரல் ரொம்ப மெதுவா இருந்துது.

"இல்ல சார். எழுதிப் போட்ட மாதிரி நடந்துக்கிறேன்."

"உனக்கு வேலை வேணுமா வேண்டாமா?"

"வேணும் சார். வேலை எனுக்கு வேணும். அந்த அட்டைதான் வேணாம்." மூச்சை இழுத்துக்கிட்டா. சொல்ல வந்ததை எல்லாம் பஸ்ல வர்றப்போ பல தடவை சொல்லிப் பார்த்திருந்தா, ஆனா வாயில வந்தது வேற. "சார், எதிர் ஊட்டுப் பொம்பள என் கண்ணு முன்னால கரண்டுல செத்தா. தண்ணி வாசல்ல ஏறினா நான் மெயின எறக்குவேன். நாளைக்கு ஏறினாலும் எறக்குவேன். அதுக்கு மன்னிப்பு கேக்க மாட்டேன். மிஷினு படுத்துச்சு, அது என்னாலதான், ஒத்துக்கிறேன். ஆனா என் பொண்ணு தெனமும் படிச்சிக்கினு போற எடத்துல, இவங்கம்மா தொடக் கூடாதுன்னு எழுதி வெக்கிறதுக்கு நான் இன்னா குஷ்டரோகியா?"

சுப்புராயன் மேசை மேல இருந்த பேனாவை நேராக்கினார். அவர் ஒண்ணும் ராட்சசர் இல்ல. அந்த அட்டையை ஒரு குழந்தை படிக்கும்னு அவருக்குத் தோணவே இல்ல, அவ்ளோதான். தோணாததுக்கு என்ன பேர் வெக்கிறதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

"சரி, எடுத்துடு"ன்னார்.

"ஒட்டினவங்க எடுக்கட்டும் சார். நான் தொடக் கூடாது இல்ல?"

பஞ்சாட்சரம்தான் எடுத்தார். டேப்பு பசை மானிட்டர்ல ரெண்டு கோடா நின்னுடுச்சு. அன்னைக்கு மதியம் ஜோதிலட்சுமி ஆபீஸ் ரூமைக் கழுவி விட்டா, எறும்பைத் தட்டினா, பூனையைத் துடைச்சா. இதோட கதை முடிஞ்சுதுன்னு லாரன்ஸ் நெனச்சார். அவ நெனைக்கல.

தை மாசம் பஞ்சாட்சரத்துக்குக் கண் ஆபரேஷன். அவர் இல்லாதப்போ டைப் அடிக்க ஆள் வேணும், புதுசா ஆள் எடுக்க மனசு இல்ல. ஜோதி கம்ப்யூட்டர் வகுப்பு முடிச்சிருக்கான்னு பஞ்சாட்சரமே சுப்புராயன் காதுல போட்டார். அது அவர் செஞ்ச பிராயச்சித்தமா, இல்ல தன் முட்டியைக் காப்பாத்திக்கிற யோசனையா, தெரியல. சுப்புராயன் மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை உக்காரச் சொன்னார்.

"பஞ்சாட்சரத்தோட லாகின்லயே செஞ்சுடும்மா. வெளியில அவர் செஞ்ச மாதிரியே இருக்கட்டும். பேரண்ட்ஸ் யாராவது கேட்டா வீணா பேச்சு."

ஜோதிலட்சுமிக்கு அந்த லாகின் பாஸ்வேர்டை யாரும் சொல்லத் தேவையே இல்ல. கீபோர்டைத் தூக்கித் துடைக்கிற ஒவ்வொரு தடவையும் அது அடியில ஒட்டியிருக்கிறதைப் பார்த்திருக்கா. நெனச்சிருந்தா என்னைக்கோ தொறந்திருக்கலாம்.

"என் பேருல தொறந்து குடுங்க சார். அப்பதான் உக்காருவேன்."

"பேர்ல என்னம்மா இருக்கு? வேலைதானே முக்கியம்."

"அப்போ உங்க ரூமு வாசல்ல தொங்குற போர்டுல என் பேர எழுதிக்கலாமா சார்? வேலைய நீங்களே பாருங்க."

சொன்னதுக்கு அப்புறம் அவளுக்கே திக்குன்னு ஆயிடுச்சு. சுப்புராயன் முகம் சிவந்துது. "ஏதாவது ஒண்ணு போச்சுன்னா, உன் வேலையும் போயிடும், தெரியும்ல?"ன்னார்.

"போவட்டும் சார். என் பேருலயே போவட்டும். இத்தினி நாளா தப்பு மட்டும் என் பேருல, வேலை மொத்தமும் வேற பேருல. இனிமே ரெண்டும் ஒரே பேருல இருக்கட்டும்."

அவர் கையை அசைச்சார். போன்னு சொன்னாரா, சரின்னு சொன்னாரான்னு அவருக்கே தெரிஞ்சிருக்காது. அவ சரின்னே எடுத்துக்கிட்டா.

அன்னைக்குப் பருவம் தப்பி வானம் மூடிக்கிட்டு நின்னுது. ஆபரேஷனுக்குப் போறதுக்கு முன்னாடி பஞ்சாட்சரம் தன் லாகினைத் தொறந்து, புதுசா ஒரு ஆளைச் சேர்க்கிற இடத்துக்குப் போய், நாற்காலியை விட்டு எழுந்து நின்னார். ஜோதிலட்சுமி உக்காந்தா. ஒவ்வொரு எழுத்தாத் தேடி அடிச்சா. ஜோதிலட்சுமி. தமிழ்லதான். ஸ்கூல் விட்டு வாசல்ல காத்துக்கிட்டு இருந்த நிஷா உள்ள எட்டிப் பார்த்தா. இங்க வாடின்னு கூப்பிட்டுப் பக்கத்துல நிறுத்திக்கிட்டா. பழைய லாகின் மூடி, புதுசு தொறக்க ஆரம்பிச்சுது. நீலத் திரை. வட்டம் சுத்திச்சு. கீழ இங்கிலீஷ்ல எழுத்து வந்துது. அன்னைக்கு அவ படிக்கத் தெரியாம விட்ட அதே மாதிரிச் சேதி. இப்போ எழுத்துக் கூட்டிப் படிச்சா. அணைக்காதீங்க, உங்களுக்காகத் தயாராயிட்டு இருக்கு.

வெளியில சடசடன்னு மழை. வெறும் மழை இல்ல, வாளியால ஊத்தற மழை. தெரு கொஞ்ச நேரத்துல ரொம்பிடுச்சு. லாரன்ஸ் நனைஞ்சுக்கிட்டே ஓடி வந்தார். போன தடவை இவ வாங்கிக்கட்டிக்கிட்டது அவருக்கு மறந்துபோச்சு. இவ சொல்லிச் சொல்லி மண்டையில ஏத்தின சட்டம் மட்டும்தான் ஞாபகம்.

"ஜோதி, தண்ணி ஏறுது! மெயின எறக்கிடவா?" கை சுவிட்சு மேலயே இருந்துது.

ஜோதிலட்சுமி கை தானா மேசையை விட்டு எழுந்துது. சொர்ணம் முகம் வந்துது, வராம இருக்குமா? எழுந்து வாசலுக்குப் போய் நின்னு கீழ பார்த்தா. தண்ணி மொதப் படியைத் தொட்டுக்கிட்டு நின்னுது, தாண்டல. திரும்பி உள்ள பார்த்தா. வட்டம் சுத்துது, நிஷா அதையே கண்கொட்டாமப் பார்த்துக்கிட்டு நிக்கிறா.

"அண்ணாத்த, கைய எட்றா மொதல்ல!" தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். "ரெண்டாம் படி ஏறட்டும், நானே வந்து எறக்குறேன். அதுவரிக்கும் ஒருத்தரும் தொடக் கூடாது!"

லாரன்ஸ் கையை இழுத்துக்கிட்டார். ஜோதிலட்சுமி படியில ஒரு கண்ணும் திரையில ஒரு கண்ணுமா வாசல்லயே நின்னா.

"அம்மா, வந்துடுச்சும்மா"ன்னு உள்ளே இருந்து நிஷா கத்தினா. "உன் பேரு வந்துடுச்சு."